எட்டுகிற பாட்டு

தொண்டையில் கட்டி எடுத்த பிறகு மேனகாவுக்குக் குரல் திரும்பி வந்தது. ஆனால் பழைய குரலாக வரவில்லை. கொஞ்சம் உயர்த்தினால் உடைந்தது. குண்டூர் நாடு என்கிற அந்த மலைப் பகுதியில் அவளைப் பாட்டு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். விடுப்பு முடிந்து சின்ன வகுப்புக்குள் நுழைந்தபோது, இனி என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது என்று பயமாக இருந்தது.

முதலில் போனில் பாட்டுப் போட்டாள். எல்லாமே வேகமான, உச்சத்தில் போகிற பாட்டுகள். பிள்ளைகள் பாடவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கு வந்ததிலிருந்து யாரோடும் சேர்ந்து பாடாத சுமித்ரா காதைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சோளக்காடு ஊர்க் கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றபோது, கடையொன்றில் தகர டப்பாவுக்குள் மிளகைக் கொட்டினார்கள். மழை தொடங்குவதுபோல் இருந்தது அந்தச் சத்தம். கொஞ்சம் மிளகு வாங்கிக்கொண்டாள். மறுநாள் சில பாட்டில்களில் மிளகும் சிலவற்றில் கேழ்வரகும் போட்டு மூடிக் கொடுத்தாள். கண்ணை மூடி, எது எதன் சத்தம் என்று சொல்ல வேண்டும். தூறலுக்கு மெல்ல ஆட்ட வேண்டும், மழைக்குப் பலமாக. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. ஆட்டத்துக்கு ஒரு பாட்டு வேண்டுமே என்று, தன் தொண்டைக்கு எட்டுகிற மூன்றே சுரங்களுக்குள் பனியையும் பஸ்ஸையும் வைத்து நாலு வரி கட்டி, கரகரத்த குரலிலேயே பாடினாள்.

அடுத்த வாரம், ஆடு ஓட்டிக்கொண்டு போன சுமித்ராவின் அம்மா அம்சவேணி வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், புள்ள ஊட்டுல பாடறாளுங்க. தொண்டை கட்டுனாப்புல பாடறா. சளியோன்னு கசாயம் வெச்சுக் குடுத்தேன். டீச்சர் பாட்டு இப்படித்தான்னு சொல்றாளுங்க."

மேனகாவுக்கு முகம் சுட்டது. பிள்ளைகள் தன் குறையையும் சேர்த்தே படித்திருக்கிறார்கள். நல்ல குரலுள்ள யாரையாவது கூட்டி வந்து சொல்லித்தரச் செய்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வேண்டாமுங்க. மத்த பாட்டெல்லாம் ரொம்ப மேல போகுதாமா, அவளுக்கு எட்டலையாமா. இது எட்டுதுங்கறா. அவ பாடி நான் இப்பத்தானுங்க கேக்கறேன்." அம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்கு எப்படிங்க சொல்றது..."

நன்றி சொல்ல வேண்டியவள் தான்தான் என்று மேனகாவுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து தன் குரலை அவள் தானே வெறுத்துக் கிடந்தாள். அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கிவிட்டிருந்தார்கள். அத்தனை பேரும் கரகரவென்று பாட, மூன்றாம் வரியில் சுமித்ராவின் குரல் மட்டும் தெளிந்து, மேனகா போகாத சுரம் ஒன்றுக்கு ஏறியது. மேனகா திருத்தவில்லை. வாசலில் நின்றபடியே தாளம் போட்டாள். அம்சவேணி நகரவில்லை. அவளுடைய ஆடுகள் பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி இலையைக் கடித்துக்கொண்டிருந்தன.