நாலு கிலோ ஆரஞ்சு

அந்த வருடம் எங்கள் கார் எட்டு கிலோ கூடுதலாகப் பிறந்தது. பந்தயக் கார் இந்த எடைக்குக் கீழே போகக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் ஒரு கோடு உண்டு. பணக்கார அணிகள் கோட்டுக்குக் கீழேயே காரைக் கட்டி முடித்துவிட்டு, மிச்சத்துக்கு உலோகக் கட்டிகளைத் தங்களுக்கு வேண்டிய மூலையில் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் கோட்டுக்கு மேலே நின்று பெருமூச்சு விடுவோம். எட்டு கிலோ என்றால் ஒரு சுற்றுக்குக் கால் விநாடி நஷ்டம். கண் இமைக்கிற நேரம்தானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். எங்கள் தொழிலில் அந்த இமைப்புக்குள் ஐந்து கார்கள் நிற்கும்.

என் பெயர் நெவில் ஸ்டோக்கோ. அணியின் எடைப் பிரிவுக்கு நான் தலைவன். பிரிவில் நானும் ஒரு தராசும் இருந்தோம்.

தொழில்நுட்ப இயக்குநர் அலஸ்டர் பிரிங்கிள், பிப்ரவரி மாதத் திங்கட்கிழமை ஒன்றில் எல்லாப் பிரிவுகளையும் கூட்டினார். ஸ்காட்லாந்துக்காரர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அன்றைக்கு அவர் பேசியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எட்டு கிலோ எங்க இருக்கு, நெவில்?"

"கார்லதான் இருக்கு."

"கார்ல எங்க?"

"எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

இதுதான் உண்மை. ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்த முடியாது. பிரேக் பிரிவு எழுந்து, தங்களுடையது உயிர் காக்கிற கிராம் என்றது. காற்றியல் பிரிவு, "எங்க கிராம் ஒவ்வொண்ணும் வேலை பாக்குது. சும்மா உக்காந்து சாப்பிடறது சஸ்பென்ஷன்காரங்க கிராம்" என்றது. சஸ்பென்ஷன்காரர்கள், ஓட்டுநரின் நம்பிக்கையைக் கூட்ட இன்னும் அரைக் கிலோ வேண்டும் என்று கேட்டார்கள்.

உடனே எல்லாரும் ஓட்டுநரைப் பார்த்தார்கள். யூஹோ என்ற பின்லாந்துப் பையன். ஏற்கெனவே காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தான். அவன் இளைத்தாலும் பயனில்லை, இளைத்த அளவுக்கு இருக்கையடியில் உலோகம் வைத்தே தீர வேண்டும் என்பது விதி என்று நான் நினைவூட்டினேன்.

"அப்ப நான் சாப்பிடலாமா?" என்றான் யூஹோ. அந்தக் கூட்டத்தில் அவன் பேசியது அது மட்டும்தான்.

நான் என் பங்குக்கு ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். காரின் மேல்தகடுகளை வண்ணம் அடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டிருந்தேன். வித்தியாசம் நாலு கிலோ. அதைச் சொன்னதும் அறையில் ஒரு மகிழ்ச்சி பரவியது. பிரேக்குக்குப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். காற்றுக்கு முனைவர்களே இருக்கிறார்கள். பெயின்டுக்காக வாதாட, அதை அடிக்கிற மோரீன் டிப்பெட் ஒருத்திதான் இருந்தாள், அவளையும் யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. தேநீர் வண்டிக்குப் பின்னால் பிஸ்கட் எடுக்க வந்து நின்றிருந்தாள்.

"போன வருஷம் இதே மேஜையில உக்காந்து, 'பளபளன்னு இருந்தா காத்து வழுக்கிட்டுப் போகும் மோரீன்'னு சொன்னீங்களே," என்றாள் மோரீன். "மூணாவது பூச்சு அதுக்குத்தான் அடிச்சேன். இப்ப உரிக்கணுமா?"

"உரிக்கணும்," என்றார் அலஸ்டர்.

விளம்பரப் பிரிவுத் தலைவர் டார்க்வின் ஃபெல் அதுவரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போதுதான் தலை நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நம்ம அணி பேரு என்ன, அலஸ்டர்?"

"ரிகில்ஸ்பி ரேசிங்."

"ரிகில்ஸ்பி என்ன விக்கிறாரு?"

அலஸ்டருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பத்து வருடமாக அந்தப் பெயர் போட்ட சட்டையைத்தான் அணிந்துகொண்டிருந்தார். "ஏதோ டப்பாவுல வர்ற சமாச்சாரம்," என்றார்.

"பெயின்ட், அலஸ்டர். அந்த ஆள் பெயின்ட் விக்கிறாரு!"

பர்ன்லி என்ற ஊரில் மூன்று தலைமுறையாக வண்ணம் காய்ச்சும் குடும்பம் அது. வில்ஃப்ரெட் ரிகில்ஸ்பி எங்களிடம் முதன்முதலில் வந்தபோது கையில் ஒரு ஆரஞ்சு நிறத் தகட்டைக் கொண்டுவந்தார். அணைந்துகொண்டிருக்கும் கரியின் நிறம். அவரே கலந்தது. அதை மேஜையில் வைத்து, "இத கார்ல அடிங்க, மிச்சத்த நீங்க பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அளவுக்கு எங்களைத் தொந்தரவு செய்யாத புரவலர் உலகத்தில் கிடையாது.

இரண்டு பக்கமும் சமாதானம் செய்தாக வேண்டும். டார்க்வின் தொலைக்காட்சிக் கேமராக்கள் காரின் எந்த இடத்தைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று ஒரு படம் வரைந்தார். கேமரா பார்க்காத இடத்தில் எல்லாம் மோரீன் ஆரஞ்சை உரித்து, அடியில் இருந்த தகட்டின் கார்பன் இழையை அப்படியே கறுப்பாக விட்டாள். முதல் பந்தயத்துக்கு ஒரு கிலோ போனது. அலஸ்டருக்கு அந்த ருசி பிடித்துவிட்டது. அடுத்த பந்தயத்தில் கேமரா எப்போதாவது பார்க்கும் இடங்கள் போயின. அதற்கடுத்து, கேமரா பார்த்தாலும் வேகமாகக் கடந்துவிடும் இடங்கள். மே மாதம் மொனாக்கோவுக்குப் போனபோது மூக்கின் மேல் கைக்குட்டை அகலத்துக்கு ஆரஞ்சு இருந்தது. அதையும் ஓரத்தைச் சுரண்டிக்கொடுக்கும்படி காற்றியல் பிரிவிலிருந்து விண்ணப்பம் வந்திருந்தது.

மொனாக்கோ முடிந்த மறுநாள் ரிகில்ஸ்பி டார்க்வினுக்குப் போன் செய்தார். நான் அருகில் இருந்தேன்.

"தம்பி, வீட்டு டிவி கெட்டுப்போச்சு," என்றார் ரிகில்ஸ்பி. "நம்ம கார் கறுப்பாத் தெரியுது. மத்த கார் எல்லாம் நல்லாத்தான் தெரியுது. மெக்கானிக் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லேங்கறான். புதுசா ஒண்ணு வாங்கிட்டேன். அதுலயும் அப்படியே தெரியுது."

"மொனாக்கோ வெயில் அப்படிங்க," என்றார் டார்க்வின்.

"மழையில்ல பெஞ்சுச்சு?"

"மழைக்கு முன்னாடி அடிச்ச வெயில்."

பிறகு ரிகில்ஸ்பி, ஜூலையில் சில்வர்ஸ்டோன் பந்தய வாரத்தில் தொழிற்சாலைக்கு வந்து காரை நேரில் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

டார்க்வின் பதறவில்லை. வரவேற்பறையில் ஒரு காட்சிக் கார் எப்போதும் நிற்கும். எஞ்சின் கிடையாது, கடைத்திறப்பு விழாக்களுக்கு வாடகைக்குப் போய்வரும் கார். அது முழு ஆரஞ்சு. கிழவரை அங்கேயே நிறுத்தி, தேநீர் கொடுத்து, யூஹோவுடன் படம் எடுத்து, பர்ன்லி ரயிலுக்கு அனுப்பிவிடுவது திட்டம். எடை பற்றி ஏதாவது கேட்டால் சொல்ல நானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார்கள். மோரீன் தானாகவே வந்து நின்றாள்.

ரிகில்ஸ்பி வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் குடை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முகம் மலர்ந்தது. பிறகு கோட்டை ஒதுக்கிவிட்டு முழங்காலிட்டு, பக்கவாட்டுத் தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தை நுழைத்தார். ஆரஞ்சு தோல்போலக் கிளம்பி வந்தது.

காட்சிக் காருக்கு வண்ணம் அடிப்பது வீண் செலவு என்று டார்க்வின் நாலு வருடங்களுக்கு முன்பே அதற்கு ஸ்டிக்கர் சுற்றிவிட்டிருந்தார்.

"இது ஸ்டிக்கர்," என்றார் ரிகில்ஸ்பி. சத்தம் போடவில்லை. கிழிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் தடுமாறினார். மோரீன்தான் கை கொடுத்துத் தூக்கினாள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சொந்தக் கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளை இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது அது.

"நிஜக் கார் எங்கம்மா?" என்று மோரீனைக் கேட்டார்.

"உள்ள இருக்குங்க. வாங்க."

டார்க்வின் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். மோரீன் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறைக்குள் நிஜக் கார் தாங்கிகளின் மேல் கன்னங்கரேலென்று நின்றது. மூக்கில் இப்போது தபால்தலை அளவுக்கு ஆரஞ்சு மிஞ்சியிருந்தது.

ரிகில்ஸ்பி அதையே வெகுநேரம் பார்த்தார்.

"என் பெயின்ட் என்ன தப்பு பண்ணுச்சு?"

நான் சொன்னேன். "ஒண்ணும் தப்பு பண்ணலைங்க. நாலு கிலோ இருந்துச்சு. மத்தவங்க யாரும் தங்களோடத விட்டுத் தரலை. பெயின்டுக்குப் பேச ஆளில்லை."

"நாலு கிலோவா," என்றார். அவருக்கு அந்த எண் பிடித்துப்போனது போலத் தோன்றியது. "நல்லா கெட்டியாத்தான் அடிச்சிருக்கே, தாயி."

"மூணு பூச்சுங்க," என்றாள் மோரீன்.

அந்த நேரத்தில்தான் டார்க்வினுக்கு வாழ்க்கையிலேயே பெரிய பொய் ஒன்று வாயில் வந்தது. "இது பெயின்ட் இல்லாத கார் இல்லைங்க. இது புது நிறம். பந்தயக் கறுப்பு. உங்களுக்கு இன்ப அதிர்ச்சியாச் சொல்லலாம்னு இருந்தோம். சின்னப் பசங்க எல்லாம் இப்ப இதத்தான் கேக்கறாங்க. உங்க டப்பாவுல இது வந்தா..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குடை என் பக்கம்தான் வரும் என்று நினைத்தேன்.

"டப்பாவுலயா?" என்றார் ரிகில்ஸ்பி. குரல் மாறியிருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காரை மறுபடியும் பார்த்தார். இந்த முறை ரசிகனாகப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் பந்தயக் கறுப்பு கடைக்கு வந்தது. கோடை முடிவதற்குள் எங்கள் கிராமத்துச் சந்தில் பாதிக் கதவுகள் கறுப்பாகிவிட்டன. தோட்டக் கொட்டகை, வேலி, தபால்பெட்டி, யாரோ ஒரு ஆளின் படகு என்று எல்லாம் கறுப்பு. ஆரஞ்சு பத்து வருடத்தில் விற்றதை இது இரண்டு வாரத்தில் தாண்டியது என்று டார்க்வின் மூச்சு வாங்கச் சொன்னார். அலஸ்டர் மகிழ்ந்தார். புரவலர் சந்தோஷமாக இருந்தார், கார் மெலிந்திருந்தது. உலகத்தில் ஒன்றுமே அடிக்காமல் அடித்ததாகப் பெயர் வாங்கிய அணி நாங்கள் ஒன்றுதான்.

பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. வாடிக்கையாளர்கள் கதவை அடித்து முடித்துவிட்டு டிவியில் காரைப் பார்த்திருக்கிறார்கள். பூச்சில்லாத கார்பன் உண்மையில் கறுப்பே இல்லை. இழைப் பின்னல் தெரியும், வெயிலில் சாம்பலடிக்கும். டப்பாவில் இருந்ததோ ரிகில்ஸ்பி ராத்திரி பகல் உழைத்துக் கலந்த அசல் கறுப்பு. என் கதவும் காரும் ஒரே நிறமில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள்.

ரிகில்ஸ்பி மறுபடியும் வந்தார். இந்த முறை வக்கீலையும் கூட்டிவந்தார். அலஸ்டரின் அறையில் உட்கார்ந்து, ரொம்பப் பணிவாகப் பேசினார்.

"நிறத்த மாத்தச் சொல்றாங்க தம்பி. நான் மாத்த மாட்டேன். என் கறுப்பு நல்ல கறுப்பு. கார மாத்துங்க."

"கார் கறுப்பாத்தானே இருக்கு?" என்றார் அலஸ்டர்.

"அது பெயின்ட் இல்லாத கறுப்பு. எனக்குப் பெயின்ட் அடிச்ச கறுப்பு வேணும்."

அலஸ்டரின் குரல் தாழ்ந்துகொண்டே போய் நின்றுவிட்டது. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தோம். காரின் நிறத்தை முடிவு செய்யும் உரிமை முதல் பக்கத்திலேயே ரிகில்ஸ்பியிடம் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. ஆக, மோரீன் கறுப்புக் காருக்குக் கறுப்பு அடித்தாள். கார்பனின் பின்னல் தெரியாமலிருக்க முதலில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கறுப்பு இரண்டு பூச்சு. நான் தராசில் வைத்தேன். ஐந்து கிலோ.

"என்ன கண்ணு, கூடிருச்சா?" என்றாள் மோரீன், பெயின்ட் துப்பாக்கியைக் கழுவிக்கொண்டே.

"கூடிருச்சு."

"அவங்க கேட்டதத்தான் அடிச்சேன்."

பெல்ஜியத்தில் கொட்டுகிற மழையில் எங்களுக்கு முன்னால் போன நாலு கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. யூஹோ ஏழாவதாக வந்தான். அந்த வருடத்தில் எங்கள் சிறந்த முடிவு அது. என்ன செய்தீர்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். யூஹோ, "மழை பெஞ்சுது" என்றான். அலஸ்டர் அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேற்பரப்பு பற்றி நீண்ட ஆராய்ச்சி செய்திருப்பதாகவும் மேலே எதுவும் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். காற்றியல் பிரிவு அந்த வாரமே ஒரு வரைபடம் போட்டது. தடித்த கறுப்புப் பூச்சில் காற்று எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அதில் அம்புக்குறிகள் காட்டின. மூன்று வாரம் கழித்து, எங்களைவிட எவ்வளவோ வேகமான அணி ஒன்று தன் அழகான நீலத்தைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கறுப்பில் வந்தது. அவர்களுக்கு ஒரு எடைப் பிரிவுத் தலைவர் இருப்பார். அந்த மனிதரை நினைத்து எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

வருடக் கடைசியில் போன வருடம் போலவே எட்டாவது இடத்தில் முடித்தோம். ரிகில்ஸ்பி ஒப்பந்தத்தை நீட்டித்தார். நவம்பரில் பிளாக்பூலில் வண்ணத் தொழிலதிபர்களின் விருந்து நடந்தது. அந்த வருடத்தின் புதுமைக்கான விருதுக்கு என் பெயரைச் சொன்னார்கள். ரிகில்ஸ்பியின் சிபாரிசு. நிஜத்தை நேரில் சொன்ன ஒரே ஆளாம். மேடையில் அவர் என் தோளைத் தட்டி, "இந்தத் தம்பிக்குப் பெயின்ட்டோட வெயிட் தெரியும்," என்றார். மண்டபம் கைதட்டியது. என் தொழில் வாழ்க்கை முழுக்க நான் விரட்டிய பொருளுக்காக எனக்குக் கைதட்டுகிறார்கள் என்று விளக்க அது நேரமில்லை. எனக்கு அப்போது கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

விருது என்பது கெட்டிப் பித்தளையில் வார்த்த வண்ணத் தூரிகை. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் பட்டறையில் மோரீனிடம் கொடுத்தேன். அவளுக்குத்தான் அது சேர வேண்டும் என்றேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"யம்மா, என்ன கனம்," என்றாள்.

அதை வண்ணப் பட்டறையின் வாசல் கதவோரத்தில் கொண்டுபோய் வைத்தாள். அந்தக் கதவு காற்றுக்கு எப்போதும் படார் படார் என்று அடித்துக்கொள்ளும். இப்போது அடிப்பதில்லை.