கிளறன்ஸின் சொற்கள் வெள்ளவத்தைக்குக் குடிவந்த வருடம்

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த அடுத்த வருடம், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வெள்ளவத்தையில் சுபோதினியின் வலது தோள், கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் முப்பது வருடமாகத் தூக்கிய மூட்டைகளுக்காக நோகத் தொடங்கியது. சுபோதினி மூட்டை தூக்கியவள் அல்ல. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோன அரிசிப் பைதான் அவள் தூக்கிய ஆகப் பெரிய பாரம். இந்த நோவோ கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், சாக்கு உரசி உரசித் தோல் தடித்துப்போகும் இடத்தில் இருந்தது. வைத்தியர் தசைப்பிடிப்பு என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அன்று பின்னேரம் குசினியில் பால் பொங்கி வழிந்தபோது, சுபோதினி அந்தப் பாலின் தாயை இழுத்து ஒரு ஏச்சு ஏசினாள். அதை இங்கே எழுத முடியாது. ஹோலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அவளுடைய தகப்பன் சிவபாதசுந்தரம், இளைப்பாறிய ரயில்வே கிளார்க், காதில் மாட்டியிருந்த மெஷினைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு வீட்டுக்குள் அதை அவர் மாட்டவில்லை.

சுபோதினி ஒரு தனியார் நிறுவனத்தில் மொழியியல் படிப்பித்தாள். நிரந்தர வேலை இல்லை, மணித்தியாலக் கணக்கு. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் ஆய்வை முடித்துக் கொடுக்கவேண்டும். ஆக்கமுறை இலக்கணத்தில் சொற்களஞ்சியத்துக்கு என்ன வேலை என்பதுதான் தலைப்பு. ஏழு வருடமாக அது முடியவில்லை. மனிதத் தலைக்குள் ஒரு பட்டறை இருக்கிறது, ஒருவரும் இதுவரை சொல்லாத வாக்கியங்களைக்கூட ஒரு கைப்பிடி விதிகளை வைத்து அது கட்டித் தள்ளுகிறது, பக்கத்தில் இருக்கும் களஞ்சியமோ வெறும் ஸ்டோர், விதிக்கு அடங்காத மிச்சத்தைக் கூட்டிக் குவிக்கிற அறை என்று அவள் எழுதியிருந்தாள். சொற்கள் மூட்டைகள், விதிகள்தான் தூக்குகின்றன என்பது முதலாம் அத்தியாயத்தின் சாரம். மேற்பார்வைப் பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஏச்சைத் தொடர்ந்து வேறு சொற்களும் வந்தன. பெரும்பாலும் பின்னேரங்களில், கடற்காற்று ரயில் பாதையைத் தாண்டி வரும் நேரத்தில், யன்னல் கம்பிகளுக்கூடாக வந்தன. காலையில் கூட்டினால் சாக்கு நூலும் வெங்காயச் சருகும் அள்ள அள்ள இருந்தன. பொருள்களின் பெயர்கள் சாதுவானவை. கொக்கி, தராசு, பருப்பு, பீடி என்று வந்தவை அலுமாரிக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டன, கூப்பிட்டால் இறங்கி வந்தன. வினைகள்தான் வீட்டை இருக்கவிடவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ஆட்களையும் சாமான்களையும் கேட்டு நின்றது. 'நட' ஓர் ஆளோடு திருப்திப்பட்டது. அந்த ஆள் சுபோதினி என்பதால், அவள் சோற்றுக் கையோடு எழும்பிக் கடலோரமாகப் பம்பலப்பிட்டி மட்டும் நடந்துவிட்டு வந்தாள். 'தூக்கு' ஆளோடு பொருளும் கேட்டது. காஸ் சிலிண்டரைக் குசினிக்கும் ஹோலுக்குமாக மாறி மாறித் தூக்கிய பிறகுதான் அடங்கியது. 'குடு' வந்த கிழமை ஆக மோசம். கொடுப்பவர், வாங்குபவர், கொடுபடும் பொருள் என்று மூன்றும் கூடும் மட்டும் அது வாசற்கதவை உள்ளே நின்று தட்டிக்கொண்டிருந்தது. நாலாம் மாடி கௌரி, ஏன் வந்தேன் என்று தனக்கே தெரியாமல், ஒரு கோப்பை கத்தரிக்காய்ப் பால்கறியோடு வந்து "இந்தாங்கோ" என்றாள். அடுத்த நாளும் வந்தாள். கத்தரிக்காய் முடிந்ததும் பீங்கான்களைக் கொண்டுவந்தாள், பீங்கான்கள் முடிந்ததும் மேசை மின்விசிறியைக் கொண்டுவந்தாள். அவளுடைய புருஷன் இரவில் வந்து எல்லாவற்றையும் முகம் கொடுக்காமல் திருப்பி எடுத்துப் போனான். அந்த வீட்டில் அந்த நாட்களில் ஒருவரும் ஒரு கதிரையில் முழுதாக ஒரு தேத்தண்ணி குடித்து முடித்ததில்லை.

ஆனால் சுபோதினி எழுதினாள். நின்றுகொண்டு எழுதினாள், நடந்துகொண்டு எழுதினாள். ஏழு வருடம் தான் எழுதியது தலைகீழ் என்று எழுதினாள். பட்டறை ஆட்களை அனுப்புவதில்லை, மூட்டைதான் ஆளைக் கேட்கிறது. வெங்காய மூட்டை ஓர் ஆளைக் கேட்கும், இரும்பு அலுமாரி நாலு ஆளைக் கேட்கும், அந்தக் கேள்வி மூட்டைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. வாக்கியம் எழும்புவது அந்தக் கேள்வியிலிருந்துதான். பேராசிரியர் இந்த முறை அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பவில்லை. "இப்பதான் இது சொந்தக் காலில நிக்குது" என்று போன் எடுத்துச் சொன்னார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை, சுபோதினி வகுப்புக்குப் போக றிகாஸின் த்ரீவீலரில் ஏறினாள். றிகாஸ் கிராண்ட்பாஸ்காரன், காலி வீதியில் ஓடுகிறவன். ஒரு தனியார் பஸ் குறுக்கே விழுந்தபோது அவள் தலையை வெளியே நீட்டி அந்த டிரைவருக்கு ஒரு ஏச்சுப் போட்டாள். பஸ் ஒதுங்கியது. றிகாஸும் ஓரத்தில் நிறுத்தினான்.

"மிஸ், கோவிக்க வாணாம். இந்த வாய் எங்கால வந்திச்சு?"

"என்ன வாய்?"

"இப்ப ஏசினீங்களே, அது. ஏச்சு ஆளுக்கு ஆள் வேற மிஸ். இது எங்கட கொட்டாஞ்சேன கிளறன்ஸ் அண்ணன்ட. சின்னதிலேந்து நான் கேட்டு வளந்தது. மாசி மாசம் மூட்டையோட உழுந்தாரு, அதிலேந்து அவர்ட வாய்ல ஒரு சாமானும் இல்ல."

கிளறன்ஸ் புறக்கோட்டையில் நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமந்தவர். விழுந்து எழும்பியபோது கை கால் நன்றாக இருந்தன. பேச்சும் இருந்தது, அதற்குள் சொல் இல்லை. ஏற்றமும் இறக்கமும் கேள்வியும் கோபமும் அதனதன் இடத்தில் இருந்தன, 'ஐ'யும் 'க்கு'வும் 'கிட்ட'வும் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டின, ஆனால் எதில் ஒட்டின என்பது இல்லை. "…ஐ …கிட்ட …த்தியா?" என்று கேட்பார். மனைவி இமெல்டா ராகத்தைக் கொண்டு, கேட்பது கறியா கணக்கா என்று பிடித்துக்கொண்டாள். ஒட்டி ஒட்டிக் கிடக்கும் லயன் வீடுகளின் சண்டைகளில் அவர் தோற்பதே இல்லை, ஏனென்றால் என்ன சொன்னார் என்று ஒருவராலும் திருப்பிச் சொல்ல முடியவில்லை. வேலைக்குத்தான் அது காணவில்லை. மூட்டையின் கீழே குனிந்து போகிறவனுக்கு முன்னால் வருகிறவர்களின் பாதம் மட்டும்தான் தெரியும். ஒதுங்கு, ஒதுங்கு என்று கத்திக்கொண்டு போகாவிட்டால் அந்தத் தெருவில் நடக்க முடியாது. கத்தச் சொல் இல்லாமல் இரண்டு நாள் போன கிளறன்ஸ், மூன்றாம் நாள் ஒரு முட்டை வியாபாரியின் மேலே போய் விழுந்தார். மூட்டை சுமப்பவர்களின் கூட்டத் தலைவர் முத்துலிங்கம் அவருடைய நம்பர் தகட்டை வாங்கி வைத்துக்கொண்டார். நம்பர் இல்லாதவனுக்கு அந்தத் தெருவில் எந்தக் கடையும் மூட்டை கொடுக்காது. "அந்தோனியார் பெருநா வரைக்கும் வச்சிருக்கேன்டா" என்றார். "அதுக்கு அங்கிட்டு வேற ஆளுக்குக் குடுத்துருவேன். மனசுல வச்சிக்காத."

ஞாயிற்றுக்கிழமை றிகாஸ் சுபோதினியைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போனான். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், மூன்று வீட்டுக்கு ஒரு பைப் உள்ள ஒழுங்கையில், அவள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினதும் இமெல்டா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னா மிஸ் இது? எங்க வூட்டுக்காரர் பேச்சு உங்க வாயில என்னா பண்ணுது?"

"எனக்கும் விளங்கேல்லை அக்கா. நான் கேட்டு வாங்கேல்லை."

"கேட்டு வாங்கலன்னா திருப்பிக் குடுக்குறது லேசுதானே."

லேசாகத்தான் இருந்தது. ஒரு சொல்லுக்கு வேண்டிய ஆட்களும் சாமானும் பக்கத்தில் இருக்க, அதைக் கிளறன்ஸின் காதுக்குள் சொன்னால், அது போய் அவருடைய நாக்கில் உட்கார்ந்துகொண்டது. முதலில் தண்ணியைக் கொடுத்தார்கள், ஒரு கோப்பையை முன்னால் வைத்து. பிறகு உப்பு, செருப்பு, இமெல்டா. ஏச்சுகளுக்கு வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது, றிகாஸ் முன்னுக்கு வந்து நின்றான். அந்தப் பின்னேரம் முடியும்போது அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதும் அண்ணன், எங்கட உம்மாவப் பத்தி இனிச் சொல்ல ஒண்டும் மிச்சமில்ல" என்றான். கிளறன்ஸ் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். 'தூக்கு' போன அன்றே சுபோதினியின் தோள் நோவும் போய்விட்டது.

கூடவே இன்னொன்றும் போனது. கொடுத்த சொல் எதுவோ அது வரும் பக்கங்கள் மறுநாள் காலையில் சப்பென்று கிடந்தன. 'குடு'வைப் பற்றி எழுதிய பகுதியை வாசித்தபோது வேறு யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியதுபோல இருந்தது. ஆனி மாதக் கடைசியில் ஆய்வைக் கொடுக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் போனவள் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு போனாள், கையில் கிடைத்ததை எல்லாம் அல்ல, தெரிந்து எடுத்ததைக் கொண்டுபோனாள். றேஷன் கடைக்காரர் அளப்பதுபோல அளந்தாள். 'ஒதுங்கு' பஸ்காரனுக்கு ஏசிய அன்றே அவளிடம் இருந்தது. அதைப்போல ஒரு சொல்லைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. அது ஓர் ஆளையோ மூன்று ஆளையோ கேட்கவில்லை. முதுகில் ஒரு பாரத்தைக் கேட்டது, அந்தப் பாரம் போய்ச்சேர ஓர் இடத்தைக் கேட்டது, நடுவில் நிற்கும் தெரு முழுவதையும் கேட்டது. கடைசி அத்தியாயம் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது.

பெருநாளுக்குக் கொடியேற்றிய பிறகு இமெல்டா நேரடியாகவே கேட்டாள்.

"எல்லாம் வருது மிஸ். ஒதுங்கு மட்டும் வரல. அந்தத் தெருவுல வேற எதக் கத்துனாலும் ஆள் வெலகாது. உங்ககிட்டதானே இருக்கு?"

"தேடிப் பார்க்கிறன் அக்கா" என்றாள் சுபோதினி. அப்படிச் சொல்லும்போது அந்தச் சொல் அவளுடைய பல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தது.

ஆனி பதின்மூன்றாம் திகதி, பெருநாளன்று, கொச்சிக்கடையில் அந்தோனியாரின் சுற்றுப்பிரகாரம் போனது. கிளறன்ஸ் கையில் மெழுகுதிரியோடு ஒரு கடை ஓரத்தில் நின்றார். கூட்டம் நெருக்கியபோது அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, நெருக்குப்பட்டுக்கொண்டே நின்றார். மறுநாள் முத்துலிங்கம் அந்த நம்பர் தகட்டை ஹெந்தளையிலிருந்து வந்த ஓர் ஆளின் கழுத்தில் மாட்டிவிட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு சுபோதினி ஆய்வைக் கட்டி ஒப்படைத்தாள். அடுத்த ஞாயிறு ஒரு பெட்டி கேக்கோடு கொட்டாஞ்சேனைக்குப் போய், சொல் அகப்பட்டுவிட்டது என்றாள்.

"புத்தகம் முடிஞ்சிருச்சா மிஸ்?" என்று கேட்டாள் இமெல்டா. "இவரு வேலயும் முடிஞ்சிருச்சு." கேக் பெட்டியை அவள் தொடவில்லை.

ஒழுங்கையில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சாக்கில் மணல் நிரப்பிக் கிளறன்ஸின் முதுகில் ஏற்றினார்கள். றிகாஸ் அயல் வீட்டாரை எல்லாம் கூப்பிட்டுத் தெருவை அடைத்து நிற்க வைத்தான். சுபோதினி அவருடைய காதுக்குள் ஒதுங்கு என்றாள். சொல் அவளுடைய உதடு வரைக்கும் வந்து, மணலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மணலைக் கொட்டிவிட்டு வெங்காயம் வாங்கி நிரப்பினார்கள். அதையும் அது நம்பவில்லை. அந்த மூட்டைக்குப் போய்ச்சேர இடம் இருக்கவில்லை, அதை எதிர்பார்த்துக்கொண்டு ஒரு கடையும் இருக்கவில்லை. உண்மையான பாரம் வேண்டுமென்றால் நம்பர் வேண்டும், நம்பர் வேண்டுமென்றால் சொல் வேண்டும். முத்துலிங்கத்திடம் ஒரே ஒரு மூட்டை, ஒரே ஒரு நடை கேட்டுப் போனாள் சுபோதினி. நம்பர் இல்லாத ஆளின் முதுகில் சாமான் ஏற்றினால் மற்றவர்கள் தன் முதுகில் ஏறிவிடுவார்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றாள்.

கிளறன்ஸ் மூட்டையை இறக்கிச் சுவரோரம் சாத்தினார். "மன்னிப்பெல்லாம் வேணாம் மிஸ். அத வச்சி நான் என்னா செய்ய? என்னோட சாமானக் குடுங்க."

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஆய்வு நல்ல பெயரோடு தேறியது, கடைசி அத்தியாயத்தைத்தான் எல்லோரும் மெச்சினார்கள், நிறுவனம் அவளை நிரந்தரமாக்கியது. பின்னேரத்தில் கந்தோர்கள் விடும் நேரம், காலி வீதியில் அவள் நடந்தால், வாய் திறக்காமலே சனம் இரண்டு பக்கமும் விலகுகிறது, மரக்கறிக்காரர்கள் கூடைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். வெள்ளவத்தையில் இதை இப்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவபாதசுந்தரம் காதில் மெஷினை மாட்டிக்கொண்டு, கௌரி கூடையைத் தூக்கிக்கொண்டு, மார்க்கட்டுக்குப் போகிற நாட்களில் அவளுக்குப் பின்னால் போகிறார்கள், லேசாக இருக்கிறது என்று. கிளறன்ஸ் புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து அழுகல் பொறுக்குகிறார், கூலி முன்னையதில் பாதிக்கும் குறைவு. வாய் நிறையப் பேசுகிறார், ஏசுகிறார். தெருவில் ஆள் கூடிவிட்டால் மட்டும் சுவரோடு நின்று, கடைசி ஆள் போகும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் இறங்குவதென்றால் இமெல்டா முன்னால் இறங்கி வழி பிடிக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு சுபோதினி போகிறாள். இமெல்டா ஒரு கதிரையும் பால் போடாத பிளேன்டியும் கொடுக்கிறாள், அதற்கு மேல் கதைப்பதில்லை. கிளறன்ஸுக்கு அவள் தரவேண்டியது இன்னும் ஒரு சொல் பாக்கி: ஒதுங்கு.