இருப்பில் இருந்த மருந்து

மருத்துவச் சீட்டை நீட்டியபடியே வசீலா கேட்டாள், "இது கிடைக்குமா, இல்ல போன வருஷம் மாதிரி தட்டுப்பாடா?"

மருந்துக்கடை ஃபெல்லா சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா தட்டுப்பாடு? பூட்டி வச்சுக் காவல் காக்குறேன், சித்தி. போன வருஷமும் இருந்துச்சு. சீட்டு வச்சிருக்கிறவங்கதான் வர்றதில்ல. பொடிப்பசங்க போதைக்கு முழுங்குறாங்கன்னு, நெஜ நோயாளிக்குக் கேக்கவே வாய் கூசுது."

வசீலா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அப்புறமா வர்றேன்மா."

வெளியே அல்ஜீரியாவின் ஓரான் நகரத்து வெயில் சுள்ளென்று அடித்தது. நடக்க நடக்க, போன வசந்தகாலம் அவளுடன் கூடவே நடந்துவந்தது. இடது மார்பை எடுப்பதற்கு முந்தின நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "புண்ணு ஆறிடும். அறுபட்ட நரம்பு சிலபேருக்கு ஆறாது, வலியவே பழகிக்கும். அப்படி நிலைச்சுப் போயிடாம இருக்கத்தான் இந்த மாத்திரை, ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டேன். ஆனா முயற்சி பண்ணிப் பாப்போம்."

மருந்தை வெளியிலிருந்து வீட்டார்தான் வாங்கி வர வேண்டும். காப்பிக்கடை நடத்தும் கணவன் லக்தர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். சாயங்காலம் பாராசிட்டமால் பெட்டியுடன் வந்தான். "எங்கயும் இல்லையாம். ஊரே தட்டுப்பாடாம்."

யார் சந்தேகப்படுவார்கள்? எண்ணெய், பால், மருந்து என்று எதற்கும் தட்டுப்பாடு வருகிற ஊர். டாக்டரம்மாகூடத் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

புண் ஆறியது. வலி போகவில்லை. மார்பு இல்லாத இடத்தில் சட்டைத் துணி பட்டாலே நெருப்பு பட்டதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை கோதுமை ரவையைக் கூஸ்கூஸாக உருட்டக் கை வளையவில்லை. துணி உலர்த்தக் கை எழவில்லை. எல்லாவற்றையும் லக்தர் செய்தான். கோணல்மாணலாக உருட்டி, கட்டி கட்டியாக வேகவைத்து, "தின்னு பாரு, ராணி!" என்று சிரிக்கவைத்தான். அவன் கை தவறிப் பட்டு அவள் சுருங்கும்போதெல்லாம், உடம்பை நினைத்துக் கூசுகிறாள் என்று எண்ணிக்கொண்டவன்போல நகர்ந்து படுத்தான். எனக்கு வாய்த்தவன் இவன் என்று அவள் எத்தனை முறை நன்றியோடு கண்ணை மூடியிருக்கிறாள்! அந்த நன்றியை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அவள் வீடு வந்தபோது லக்தர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். வாயில் துணிக் கவ்வி.

"ஏ மனுஷா, போன வருஷம் ஃபெல்லா கடைக்குப் போனியா?"

"போனேனே."

"என்ன கேட்ட?"

கவ்வியை வாயிலிருந்து எடுத்தான். கொடியில் மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"வரிசையில, பள்ளிவாசல்ல எங்கூடத் தொழுவுற பென்சாபர் நின்னான். அவனுக்குப் பின்னால நம்ம கீழ்ப்படிக்கட்டுல கூடி நிக்கிற பசங்க. 'மாத்திர விக்கிறீங்களாடா'ன்னு தெனம் நான் வெரட்டுற பசங்க! அவங்க முன்னாடி நான் வாயத் தொறந்து 'ராக்கெட்' குடுன்னு கேக்கணுமா?"

"ராக்கெட்டுங்கிறது தெருவுல வச்ச பேரு. டாக்டர் வச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்தப் பேரும் அவனுங்களுக்குத் தெரியும், பொம்பள. காப்பிக்கட லக்தர் வீட்டுக்குள்ளயும் அது நுழைஞ்சிருச்சுன்னு ராத்திரிக்குள்ள பரவியிருக்கும்."

"சீட்டுல எம்பேரு இருந்துச்சே."

"சீட்ட யாரு படிச்சா? காதுல விழுறதுதான் கணக்கு."

அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அவனுக்குத் தைரியம் வந்தது. "சாப்பிட்டிருந்தாலும் வலி வந்திருக்கலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டேன்னு டாக்டரம்மாவே சொன்னாளே."

அது உண்மைதான். இன்று காலையில் டாக்டரம்மாவிடம் வசீலாவே கேட்டிருந்தாள். "சொல்ல முடியாதும்மா, யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். உண்மை என்பதால்தான் அது இத்தனை கசந்தது. ஒரு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து, அதற்கடியில் ஒதுங்கி நின்றிருக்கிறான். அவள் வலியில் முனகிய ராத்திரிகளில் அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்திருப்பான். குற்றம் என்று நிரூபிக்கவும் அவளிடம் ஒன்றுமில்லை, மன்னிக்கவும் ஒன்றுமில்லை.

சீட்டை அவன் கையில் திணித்தாள்.

"இப்ப வந்து தங்கிட்ட வலிக்கும் அதையேதான் எழுதியிருக்கா. போ. ஃபெல்லா கடையில, வரிசையில நின்னு, பேரச் சொல்லி வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் உள்ளே போய்ச் சலவைச் சட்டை மாற்றிக்கொண்டான். தலை வாரினான். மருந்துக்கடைக்கு எதற்குத் தலை வாரவேண்டும் என்று தோன்றியபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

பால்கனியிலிருந்து பார்த்தாள். தெருமுனையில் ஃபெல்லா கடை வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். லக்தர் நெஞ்சில் கைவைத்து எல்லோருக்கும் ஸலாம் சொன்னான். ஒருவனிடம் ஏதோ கேட்டுச் சிரித்தான். கடையைத் தாண்டி நடந்தான். தெருவைக் கடந்து, தன்னை யாருக்கும் தெரியாத பேட்டைக்குப் போகும் டிராமுக்காகக் காத்து நின்றான்.

மருந்து வரும். ஃபெல்லா கடையில்தான் வாங்கினேன் என்பான். அவளும் விழுங்குவாள், வலிக்கிறதே.

கூடையில் மீதித் துணி ஈரமாகக் கிடந்தது. மேலாக இருந்த அவன் சட்டையை எடுத்து, இடது கையைக் கொடிவரைக்கும் உயர்த்தப் பார்த்தாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. சட்டையைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.