சார்ஜர் மாட்ட ஒரு சுவர்

ஷார்ஜாவில் ஒரு குழாய்க் கிடங்கில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பெயர் நூர் அகமது. எந்தச் சரக்கு வந்தாலும் எண்ணி, அளந்து, மூன்று பிரதியில் எழுதி வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். வேலையை முடித்துக்கொண்டு போன வருடம் காரைக்காலுக்கே வந்துவிட்டேன். இங்கே எண்ணவும் அளக்கவும் ஒன்றும் அகப்படவில்லை. கை சும்மா இருக்க மறுத்தது. அதனால் மின்சாரக் கார் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

சின்ன எஸ்.யூ.வி. பெரியது எங்கள் தெருவில் திரும்பாது. அதற்காக ஏழு மாதம் ஆராய்ச்சி செய்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஒரே கம்பெனியில் மூன்று வண்டிகளைப் பொறுக்கி எடுத்தேன். பெயர் சொன்னால் கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்; சப்பை மூக்கு, கண்ணாடிக் கூரை, உயரக்காரன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோட்டில் பதினெட்டு கட்டம் போட்டேன். பேட்டரி எவ்வளவு, கம்பெனி சொல்லும் தூரம் எவ்வளவு, உண்மையில் ஓடும் தூரம் எவ்வளவு, ஐப்பசி மழையில் எத்தனை அங்குலத் தண்ணீர் வரை போகும், கடல் காற்றில் அடிப்பாகம் எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கும். வளைகுடாவில் கற்ற இந்தியும் மலையாளமும் வேறு எதற்கும் பயன்படாவிட்டாலும் யூடியூப் பார்க்கப் பயன்பட்டன. பேட்டரி உத்தரவாதத்தின் பொடி எழுத்துகளை மட்டும் நான்கு முறை படித்திருக்கிறேன்.

நாகூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து விலை குறைவென்று பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலே வேண்டாம் என்றவன் நான் ஒருவன்தான் என்று தேநீர்க்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர்களை விடுங்கள். ஒரே சார்ஜில் முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர் ஓடுமா, முந்நூற்றுத் தொண்ணூறு ஓடுமா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டமோ வடக்கே பூவத்தில் தொடங்கினால் தெற்கே வாஞ்சூரில் முடிந்துவிடும். இடையில் இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

ஷோரூமில் எனக்கென்று மாட்டிக்கொண்டவர் சிலுவைராஜ். கோவில்பத்திலிருந்து பைக்கில் வேலைக்கு வரும் மனிதர், நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி. ஐந்து முறை டெஸ்ட் டிரைவ் கொடுத்தார். ஐந்து முறையும் பக்கத்து சீட்டில் அவரே உட்கார்ந்து வந்தார். நெடுங்காடு வழியாகக் குரும்பகரம் வரை போவோம். வண்டியில் சத்தமே இல்லாததால் வழியில் படுத்திருந்த மாடுகள் எங்களை மதிக்கவில்லை. ஹாரன் அடித்துவிட்டு, ஹாரனின் தரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று ஒருநாள் கேட்டார். பள்ளிவாசல், மீன் மார்க்கெட், கடற்கரை எல்லாம் கூட்டி நான்கு கிலோமீட்டர் என்றேன். அவர் படிவத்தில் நாற்பது என்று எழுதிக்கொண்டார். மேனேஜர் சிரிக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால் பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். நானும் அப்படித்தான் ஆஸியா பீவியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். வந்த ஏழாம் மாதம் விமானம் ஏறினேன். அதற்குப் பிறகு விடுப்பில் வந்து போனதுதான். இப்போது மொத்தமாக வந்த பிறகுதான் தெரிகிறது, இந்த வீட்டில் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. சமையலறையில் ஆஸியாவும் மகள் மர்யமும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போய் நின்றால் என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்பார்கள். சிலிண்டர் கொண்டு வருகிறவர் நான் கதவைத் திறந்தால் "அம்மா இல்லையா?" என்பார். அம்மா தொழுதுகொண்டிருக்கிறார் என்றால் பிறகு வருகிறேன் என்று சிலிண்டரோடு போய்விடுவார். என் கையில் கொடுத்தால் நான் ஷார்ஜாவுக்கு எடுத்துப் போய்விடுவேன் என்று பயமோ என்னவோ.

ஆகவே கார். என் பெயரில், நான் தேர்ந்தெடுத்து, நான் ஓட்டி, நான் துடைத்து வைக்கிற ஒரு பொருள் இந்த வாசலில் நிற்க வேண்டும். அது நின்றால் நானும் இந்த வீட்டுக்காரன் என்று எனக்கே நம்பிக்கை வரும். இதை நோட்டில் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

கடைசியில் உயரக்காரன் ஜெயித்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பாட்டின்போது அறிவித்தேன். ஆஸியா "சரி" என்றாள். அவளுடைய 'சரி'யை இருபத்தாறு வருடம் தொலைபேசியில் கேட்டுப் பழகியவன் நான். அதில் சம்மதமும் இருக்காது, மறுப்பும் இருக்காது. மர்யம் மட்டும் என்ன நிறம் என்று கேட்டாள். அன்று சாயங்காலமே வாசல் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் வண்டியின் நீள அகலத்தைச் சாக்பீஸால் வரைந்தேன், இரண்டு பக்கக் கண்ணாடியும் சேர்த்து. ஒரு வாரம் வீட்டுப் பெண்கள் அந்தக் கோட்டைச் சுற்றியே நடந்தார்கள். பெருக்க வந்தவளும் வராத வண்டிக்கு வழிவிட்டுப் பெருக்கினாள்.

அடுத்த வாரம் ஒரு காலை பதினொரு மணிக்குச் சிலுவைராஜ் வீட்டுக்கு வந்தார். சார்ஜர் மாட்டும் சுவரைப் பார்க்க வேண்டும், மின் இணைப்புக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வண்டி யார் பெயரிலோ இணைப்பும் அவர் பெயரில் இருந்தால் சார்ஜர் இலவசம் என்று ஷோரூமில் ஒரு திட்டம். சுவரைத் தட்டிப் பார்த்து நல்ல சுவர் என்றார். நானே கட்டியது போலத் தலையாட்டினேன். படிவத்தில் வீட்டு உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் ஆஸியா பீவி என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் படிவத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது என் வீடு இல்லீங்களே. மர்யம் வீடு. நீங்கதானே சாட்சிக் கையெழுத்து போட்டீங்க?"

வீட்டை மர்யமுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று எனக்குத் தெரியும். கொடுத்தாகிவிட்டது என்பதுதான் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் மர்யமுடைய நிக்காஹுக்காக விடுப்பில் வந்திருந்தேன். பதிவாளர் அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். கல்யாணப் பதிவு சம்பந்தமான ஏதோ காகிதம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே எனக்குக் கார் கிறுக்கு தொடங்கியிருந்தது. யூடியூபில் ஒரு மலையாளி ஒரு வண்டியைத் தலைகீழாகக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். போனைக் கீழே வைக்காமல் வலது கையால் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நான்கு கையெழுத்தோ ஐந்தோ, அதையும் எண்ணவில்லை.

மர்யம் உள்ளே போய்ப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள். தானப் பத்திரம். கடைசிப் பக்கத்தில் முதல் சாட்சியாக நான், அப்பன் பெயர், வயது, விலாசம் எல்லாம் சுத்தமாக இருந்தன. குழாய்க் கிடங்கில் ஒரு திருகாணிகூடத் தப்பவிடாத அதே கையெழுத்து. யாரும் எதையும் மறைக்கவில்லை. என்னிடம் சொல்லித்தான் செய்திருக்கிறார்கள். நான்தான் அங்கே இல்லை.

சிலுவைராஜ் விற்பனைக்காரர் அல்லவா, நொடியில் வழி கண்டுபிடித்தார். வண்டியையே பாப்பா பெயரில் எடுத்துவிடலாமே பாய், இணைப்பும் அவங்க பெயரில் வந்துவிடும், ஓட்டப்போவது நீங்கள்தானே என்றார். அதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது. மர்யமும் சரி என்கிற மாதிரி நின்றாள்.

வேண்டாம் என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது தொழில்நுட்பக் காரணம் சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். ஏழு மாதம் படித்ததில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"இந்த வீட்டுல எம் பேர்ல ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு பார்த்தேன்," என்றேன்.

சொன்ன பிறகு தரையைப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு வயதில் பொம்மை கேட்டு அழுகிறவனைப் போல இருந்தது எனக்கே. ஆஸியா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

சிலுவைராஜ் பாவம், தொண்டையைச் செருமிக்கொண்டார். படிவத்தில் உரிமையாளர், வாடகைதாரர் என்று இரண்டே கட்டங்கள்தான் இருக்கின்றன, வாடகைதாரர் என்று குறித்துவிட்டு ஓர் ஒப்பந்தம் இணைத்தால் இணைப்பு உங்கள் பெயரிலேயே கிடைத்துவிடும் என்றார். வேறொருவருக்காக அடித்து வைத்த மாதிரி ஒப்பந்தம் ஒன்று அவர் பையிலேயே இருந்தது. பெயர்களை மட்டும் நிரப்ப வேண்டும். வீட்டு உரிமையாளர் மர்யம். வாடகைதாரர் நூர் அகமது.

"வாப்பாவை வாடகைக்காரர்னு எழுதுறதா? நான் போட மாட்டேன்," என்றாள் மர்யம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். வாடகை கொடுக்காமல் இருபத்தெட்டு வருடம் ஓட்டியவன், இப்போதாவது ஒழுங்கான கணக்கில் வரட்டுமே என்று சிரிக்கப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எழுதினேன். இந்த முறை ஏமாறக் கூடாது என்று முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கவும் தொடங்கினேன். உரிமையாளர் அனுமதி இல்லாமல் வாடகைதாரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆடு மாடு வளர்க்கக் கூடாது. காலி செய்வதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடகைதாரர் மேற்படி வீட்டில் பதினோரு மாதங்கள் குடியிருக்கலாம்.

அது என்ன பதினோரு மாதம் என்று கேட்டேன். எல்லா ஒப்பந்தமும் அப்படித்தான் பாய், முழு வருடம் என்றால் பதிவு செய்ய வேண்டும், அந்தத் தொந்தரவு வேண்டாம் என்று பதினொன்று போடுவது வழக்கம், முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விளக்கினார் சிலுவைராஜ்.

ஆஸியா நிலையை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"போடுங்க," என்றாள். "இருவத்தாறு வருசமா இந்த வீட்டுல உங்களுக்கு வருசத்துக்கு ஒரு மாசம்தான். பதினோரு மாசம் அங்கதான் இருந்தீங்க. இப்பத்தான் பதினொண்ணு இங்கன்னு எழுத்துல வந்திருக்கு. போடுங்க."

அவள் குரலில் கோபம் இருந்தது. அதை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எனக்குக் காட்டியதில்லை. தொலைபேசியில் 'சரி' என்ற போதெல்லாம் அது அடியில் இருந்திருக்கிறது. கிடங்கில் அவ்வளவு பார்த்துப் பார்த்து எண்ணியவன் இதை எண்ணவில்லை. வீட்டில் எனக்கு இடமில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மர்யம் பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். அவள் மாப்பிள்ளை தாவூது ஒரு மாத விடுப்பு முடிந்து கத்தாருக்குத் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. உம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உரிமையாளர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே நான் போட்டேன். ஒரே ஒரு கையெழுத்து, எண்ணித்தான் போட்டேன்.

பேச்சை மாற்ற வேண்டும் போலிருந்தது. மிச்சம் இருக்கிற அந்தப் பன்னிரண்டாவது மாதம் நான் எங்கே போவது என்று கேட்டேன், வேடிக்கையாகத்தான்.

ஆஸியா தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள்.

"அந்த ஒரு மாசம் வண்டியில இருந்துக்கலாம். அதான் உங்க பேர்ல வருதே," என்றாள். பிறகு சிலுவைராஜைப் பார்த்து, "அதுல எனக்கு உக்கார எடம் இருக்கும்லங்க?" என்று கேட்டாள்.

சிலுவைராஜ் என்னைப் பார்த்தார். ஐந்து டெஸ்ட் டிரைவிலும் அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தவர் அவர்தான். ஏழு மாதத்தில் மூன்று வண்டியில் ஒன்றிலாவது அவளை ஏற்றிப் பார்த்தேனா என்று யோசித்தேன். வா என்று ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

வண்டி இன்னும் முடிவாகவில்லை, நாளைக்கு மூன்றையும் ஒருமுறை வீட்டுக்கு எடுத்து வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து சீட்டில் நீங்கள் வர வேண்டாம், சாவியை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன்.