டமாஸ்கஸ் ஆறு மாதம் தாங்கும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கனடாவில் ஸ்காபரோவிலுள்ள ஒரு தமிழ் வானொலியில், டமாஸ்கஸ் நகரம் குறைந்தது ஆறு மாதம் தாங்கும் என்று எட்வேட் அண்ணை அறிவித்தார். சிரியாவில் கிளர்ச்சிப் படை அலெப்போவைப் பிடித்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அரச படையின் கையிலிருந்து ஹமா நகரமும் போய்விட்டது. அவர் அசையவில்லை.

"அது தந்திரோபாயப் பின்வாங்கல், நேயர்களே. உள்ளுக்கு விட்டு அடிக்கப் போறாங்கள்."

முப்பது வருடமாக, எந்த நாட்டில் எந்த ஊர் விழுந்தாலும் அவர் சொல்வது இதைத்தான். யுத்தத்தை அவர் கடைசியாக நேரில் பார்த்தது 1990இல், ஊரில், பங்கருக்குள் இருந்தபடி. அதாவது, பார்க்கவில்லை.

டமாஸ்கஸ் பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கியது.

"இஞ்சாருங்கோ, உங்கட ஆறு மாசம் முடிஞ்சுது," என்றார் மனைவி வேரோனிக்கா, ஞாயிறு காலை பூசைக்கு வெளிக்கிட்டபடி. "சனாதிபதி பிளேன் ஏறிட்டாராம்."

"எந்தச் சனாதிபதி?"

"தந்திரோபாயமாப் பின்வாங்கினவர்."

எட்வேட் அண்ணை போனைப் பறித்துப் பார்த்தார். முதலில் அவருக்கு வந்தது, ஞாயிறும் நடக்கும் பத்து மணி நிகழ்ச்சியைப் பற்றிய கவலை. அதை எப்படியும் சமாளிக்கலாம். பிறகுதான் நிஸாரின் நினைவு வந்தது.

நிஸார் பக்கத்திலுள்ள வெக்ஸ்போர்ட்டில் பேக்கரி வைத்திருக்கும் சிரியாக்காரன். வானொலியில் "டமாஸ்கஸ் வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்று எட்வேட் அண்ணை சொல்வது இவனைத்தான். கிழமைக்கு இரண்டு தரம் ரொட்டி வாங்கப் போகும்போது அந்த வட்டாரங்கள் தெரிவிக்கும். அவனுடைய தங்கச்சி லினா, இரண்டு பிள்ளைகளோடு டமாஸ்கஸில் இருந்தாள்.

"நிஸாரின்ர தங்கச்சிக்குப் பெய்ரூட் போற காரில இடம் கிடைச்சதாம்," என்றார் மெதுவாக. "வியாழக்கிழமை நிஸார் என்னட்டைக் கேட்டவன். றோட்டுத்தான் ஆபத்து, சிற்றி விழாது, போகவேண்டாமெண்டு சொல்லு எண்டு சொன்னன்."

வேரோனிக்கா கைப்பையை மேசையில் வைத்தார். "உங்களுக்கு என்ன தெரியுமெண்டு சொன்னனீங்கள்?"

"ரேடியோவில கதைக்கிறவன் எண்டு நம்பிக் கேட்டான்!"

"நாங்கள் ஒருத்தரும் நம்பிறேல்லையே. அவனுக்கு அதைச் சொல்லியிருக்கலாம்."

அதுதான் சங்கடம். முப்பது வருடத்தில் அவருடைய பேச்சைக் கேட்டவர்கள் ஏராளம். கேட்டு நடந்தவன் இவன் ஒருவன்தான்.

வேரோனிக்கா பூசைக்குப் போனார். எட்வேட் அண்ணை வெக்ஸ்போர்ட்டுக்குப் போனார். வழி நெடுக நிஸாருக்கு எடுத்த போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. பேக்கரி இருந்த பிளாசாவில் கார் விட இடமில்லை. ஹோர்ன் சத்தம், கொடிகள், பேக்கரி வாசலில் நூறு பேர். சனம் கூடினால் ஒன்று கலியாணம், இல்லையென்றால் செத்த வீடு. கண்ணாடிக்குள்ளால் பார்க்க எதுவென்று தெரியவில்லை, எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

நிஸார் அவரைக் கண்டதும் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு தோளையும் பிடித்தான். அவர்கள் பேசிக்கொள்வது இங்கிலீஷில். இரண்டு பேருடையதும் அரைகுறை என்பதால் நன்றாக விளங்கும்.

"லினா?" என்றார் எட்வேட் அண்ணை.

நிஸார் போனை நீட்டினான். லினா சந்தியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். உயிரோடு. சந்தோசத்தில்.

"நீங்கள் சொன்னபடியால் நின்றாள், மிஸ்டர் எட்வேட்! பெய்ரூட் போன சனம் திரும்பி வர எல்லையில லைனில நிற்குது!" கூட்டத்தைப் பார்த்து அரபியில் ஏதோ கத்தினான். ஒரு கிழவர் வந்து எட்வேட் அண்ணையின் நெற்றியில் முத்தமிட்டார். நகரம் விழாது என்றுதானே நான் சொன்னேன் என்று சொல்ல எட்வேட் அண்ணை வாயைத் திறந்தார். யாரோ அதற்குள் ஒரு இனிப்பை வைத்தார்கள்.

மா மூட்டைகள் அடுக்கிய மூலைக்கு நிஸார் அவரைக் கூட்டிக்கொண்டு போனான். சிரிப்பு நின்றிருந்தது.

"இனி என்ன? வந்தவர்களை நம்பலாமா? அவள் இருக்கிறதா, வெளிக்கிடுறதா? நீங்கள் சொல்லுங்கள், அவள் செய்வாள்."

எட்வேட் அண்ணையிடம் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் நல்லவை; ஒன்றில் துருக்கிகூட வந்தது. ஆனால் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லினாவின் சின்னப் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றது. மகிழ்ச்சியில் சுடுகிறார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லைப் போல.

"எனக்குத் தெரியாது, நிஸார்," என்றார். "வியாழக்கிழமையும் தெரியாது."

நிஸார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இனிப்பைத் திருப்பிக் கேட்பானோ என்றிருந்தது.

"சரி," என்றான். "அப்ப அவளிட்டையே கேட்கிறேன்."

இந்த யோசனை இதுவரை ஒருவருக்கும் வந்திருக்கவில்லை.

பத்து மணிக்குக் காருக்குள் இருந்தபடியே எட்வேட் அண்ணை நிகழ்ச்சியில் இணைந்தார். முதல் அழைப்பு மில்லிக்கனிலிருந்து இராஜரட்ணம்.

"எட்வேட், ஆறு மாசத்தை விடு, அது பிழையாப் போறது வழமைதான். உவங்கள் இனி என்ன செய்வாங்கள், அதைச் சொல்லு."

"தெரியாது, அண்ணை."

வானொலியில் ஐந்து விநாடி சத்தமில்லை. உரிமையாளர் சண்முகநாதன் அவசரமாக ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டு, மற்ற லைனில் வந்தார். "தெரியாதெண்டு சொல்லவோ, ஐசே, உம்மை வைச்சிருக்கிறன்? அதை நானே சொல்லுவன்!"

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு, எட்வேட் அண்ணையின் இடத்துக்கு, வீடு விற்கும் முகவர் ஒருவர் வந்து உலக அரசியல் பேசினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.