கழுவாத ஆறு மூளைகள்

...அடுத்தது என்று சார் சொன்னால் பொத்தானை அமுக்க வேண்டும், இன்றைக்கு என் வேலை அவ்வளவுதான், நாலு வருஷம் ஆராய்ச்சி செய்து நான் எட்டியிருக்கும் பதவி இது, மடிக்கணினியின் வலது அம்புக்குறிக்குப் பொறுப்பாளன். இப்போது திரையில் மூன்றாவது ஸ்லைடு, என்னுடைய வரைபடம் பதினாலாவது, ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில்... என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் பிரச்சினை, எல்லோரும் தலையாட்டுவார்கள், எங்கள் ஆராய்ச்சியைத் தொடர விடலாமா என்று பார்க்க வந்திருக்கும் மூவரில் வழுக்கைத்தலையர் இப்போதே ஆட்டுகிறார், கண் மூடியிருப்பதால் எதற்கு ஆட்டுகிறார் என்று தெரியவில்லை. எழுந்து ஓடிவிடலாம்தான், ஆனால் இந்த அறையை வடிவமைத்த புண்ணியவான் கதவைத் திரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான், வெளியே போகிறவன் புரொஜெக்டர் வெளிச்சத்தில் குறுக்கே நடக்க வேண்டும், என் வரைபடத்தை என் முகத்திலேயே பூசிக்கொண்டு.

"அடுத்தது."

அமுக்கினேன். மூளையில் வரும் கட்டிக்கு மருந்து இல்லாமல் இல்லை, மருந்து உள்ளே போக வழிதான் இல்லை என்கிறார் சார், நல்ல வரி, நான் எழுதிக் கொடுத்தது. மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாயின் சுவர் இருக்கிறதே, அதைப்போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை, சர்க்கரை வந்தால் விடும், காபி வந்தால் விடும், சாராயத்துக்கு ராஜமரியாதை, கட்டியைக் கரைக்கிறேன் என்று ஒரு மருந்து போய் நின்றால் மட்டும் யாரு, எங்க, எதுக்கு என்று ஆயிரம் கேள்வி, தப்பித் தவறி நுழைந்ததையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். நாங்கள் மருந்தை ஒரு குட்டிக் கொழுப்பு உருண்டைக்குள் வைத்து, அதற்குச் சர்க்கரையில் ஒரு சட்டை மாட்டி அனுப்பினோம், பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி அளவுக்குத்தான் வேஷம், ஆனால் போனது, ரத்தத்தில் இருக்கும் அளவில் நூற்றுக்கு மூன்று பங்கு மூளையில் இருப்பதாகக் கருவி சொன்னது. அன்றைக்குச் சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கு முன்பு வரை நான் "இந்தப் பையன்".

நூற்றுக்கு மூன்று. சுண்டெலியின் மூளைக்குள் இருக்கும் ரத்தமும் கிட்டத்தட்ட நூற்றுக்கு மூன்றுதான், இதை முதல் வருஷப் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், மூளையை எடுப்பதற்கு முன் இதயத்தின் வழியாக உப்புநீரைச் செலுத்திப் பத்து நிமிஷம் கழுவுங்கப்பா, இல்லாவிட்டால் குழாயில் நிற்கிற ரத்தத்தையும் சேர்த்து அரைத்துவிட்டு மருந்து உள்ளே போய்விட்டது என்று கூத்தாடுவீர்கள். இன்று காலை எட்டரைக்கு உறைபெட்டியைத் திறந்தேன், அளக்க எடுத்தது போக மிச்சம் வைத்த ஆறு பாதி மூளைகள், பக்கத்தில் நன்றாகக் கழுவிய வேறொரு தொகுதியின் மூளைகள் பாலேடு நிறத்தில், என்னுடைய ஆறும் இளஞ்சிவப்பு. டியூப்பில் அழுக்கு என்று துடைத்தேன், துடைக்கத் துடைக்க நன்றாகவே சிவந்தது. அப்புறம்தான் அந்த நாள் ஞாபகம் வந்தது, பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தானின் போன், டேய் சீக்கிரம் வா, அக்காவுக்கு மார்புல இருந்த கட்டி தலையிலயும் பரவியிருக்காம், டாக்டருங்க பேசற பாஷை எனக்குப் புரியல... ஆறு எலிகளும் ஏற்கெனவே மயக்கத்தில், விட்டுவிட்டுப் போகவும் முடியாது, ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கழுவினேன், ஓடினேன். படிவத்தில் "பத்து நிமிடம் கழுவப்பட்டது" என்று அச்சடித்தே இருக்கும், கட்டத்தில் டிக் போட வேண்டியதுதான், கையுறை நனைந்த பிறகு பேனா பிடிக்க முடியாது என்பதால் டிக்கையெல்லாம் காலையிலேயே போட்டுவிடுவது எங்கள் லேப் வழக்கம். பொய் எழுதினேனா? இல்லை, உண்மையை முன்கூட்டியே எழுதினேன், அப்புறம் அது நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து முடிவு வந்தபோது நான் படிவத்தைத்தான் நம்பினேன், என் கையெழுத்து ஆயிற்றே...

"அடுத்தது. தூங்கிட்டியா?"

இல்லை சார். ஒன்பது முடிந்து, பத்து. காலையில் சொல்லத்தான் போனேன், சார் கண்ணாடி முன்னால் டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், சார் ஒரு விஷயம் என்றேன், பென் டிரைவ்ல எல்லாம் இருக்குல்ல, அப்ப ஒரு விஷயமும் இல்ல, போ என்றார். போனேன். போகச் சொன்னால் போகிறவன்தான் நான், யாராவது நில்லு என்று சொல்லியிருந்தால்... தொடையில் போன் துடிக்கிறது, மேசைக்கடியில் பார்த்தேன், அக்காவின் மெசேஜ். எலி டாக்டரே, இங்க நிஜ டாக்டர் ரூம் வாசல்ல இருக்கேன், ரேடியேஷன ரெண்டு மாசம் தள்ளிப்போடலாம்னு சொல்லப்போறேன், அதுக்குள்ள உன்னோடது வந்துரும்ல? ரெண்டு மாசமா... எலியிலிருந்து மனுஷனுக்கு வர, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே, பத்து வருஷம். முடிவு வந்த அன்று நான்தானே அவளுக்குப் போன் செய்து கத்தினேன், அக்கா மூணு சதவீதம் உள்ள போயிருக்கு! தலை முழுக்க ரேடியேஷன் கொடுத்தால் ஞாபகம் கொஞ்சம் மங்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே பயம், கட்டியைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை, அப்போதும் கேட்டாள், எப்ப வரும்டா? பத்து வருஷம் என்று ஏன் சொல்லவில்லை? பாத்துக்கலாம்க்கா என்றேன். யார் பார்த்துக்கொள்வது?

பதிமூன்று. பதினாலு. திரை முழுக்க என் நீலக் கம்பம், உயரமாக, வெட்கமில்லாமல் நிற்கிறது, சார் அதன் பக்கத்தில் பெண்ணின் தகப்பனார்போலப் பூரித்து நிற்கிறார், வழுக்கைத்தலையர்கூடக் கண்ணைத் திறந்துவிட்டார். மூவரில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குண்டுக்கண்ணாடி மேடம் மட்டும் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரத்தத்தக் கழுவிட்டுத்தானே எடுத்தீங்க தம்பி?"

"கழுவாம எடுப்பானா மேடம்," என்றார் சார், "படிவத்தக் காட்டுடா."

படிவம் என் முன்னால்தான் இருந்தது, ஆறு டிக், அழகான டிக்குகள். "ரெண்டு நிமிஷம்தான் கழுவினேன் மேடம்," என்றேன், "பத்து நிமிஷம் கழுவியிருக்கணும். இது ரத்தத்துல இருந்த மருந்தாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டேன். கூரை இடியவில்லை.

"இத நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் சார், குரல் எழும்பாமல்.

"நேத்து தெரியாது சார்."

"காலையில?"

"பென் டிரைவ் இருக்குல்லனு கேட்டீங்க சார்."

சார் டையைத் தளர்த்தினார். அஞ்சு நிமிஷம் இடைவேளை என்றார் மேடம், யாரும் எழுந்திருக்கவில்லை, நான் மட்டும் குனிந்து, அக்கா தள்ளிப்போடாத, ரேடியேஷன் எடுத்துக்கோ, என் மருந்து உள்ள போகவே இல்ல என்று அடித்தேன், அடித்துவிட்டு அனுப்பாமல் அப்படியே வைத்திருக்கிறேன்... முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் ஒரே மூச்சில் வந்தது, இவளுக்கு ஏன் போகமாட்டேன் என்கிறது? இவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர், விடையில் அலகு எழுதவில்லை என்றால் சொந்தத் தம்பிக்கே அரை மார்க் வெட்டியவள், மூன்று சதவீதம் என்று நான் கத்தினேன், மீதித் தொண்ணூற்றேழு எங்கேடா என்று கேட்கவில்லையே, அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் இல்லை. எதற்கும் கேள்வி கேட்கிறவள்... கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்று பயந்தா கேட்காமல் இருந்தாள்?