பிரதமர் ஓடிப்போன அன்று

டாக்காவில் மருத்துவம் படிக்கும் இஷ்ரத்தின் போன் திங்கள்கிழமை காலையிலிருந்து கிடைக்கவில்லை. அங்கே இணையத்தை நிறுத்திவிட்டார்கள். மேலப்பாளையத்து வீட்டில் அவளுடைய தாய் கமர் நிஷா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஊரடங்கை மீறி ஜனங்கள் தலைநகருக்குள் அலையலையாக வந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் துப்பாக்கிச் சூட்டில் எத்தனையோ பேர் செத்திருந்தார்கள்.

போன மாதம் கலவரம் தொடங்கியதுமே கூடப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இஷ்ரத் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் பற்றவில்லை என்றாள்.

மதியத்துக்கு மேல் செய்தி வந்தது. பதினைந்து வருஷம் அசையாமல் ஆண்ட பிரதமர் ஹெலிகாப்டரில் ஏறி நாட்டை விட்டே போய்விட்டார். மாளிகைக்குள் புகுந்தவர்கள் நாற்காலியையும் மீனையும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார்கள்.

"முடிஞ்சிட்டு. இனி பயமில்ல," என்றார் கணவர் காஜா முகைதீன்.

"புள்ள பேசட்டும். பொறவு சொல்லுங்க."

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரம் போன் அடித்தது. இஷ்ரத் தணிந்த குரலில் பேசினாள்.

"உம்மா, ஒரு போலீஸ்காரர அடிச்சுப் போட்டுட்டாங்க. யாரோ இங்கன தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. அவர வெளிய விடுன்னு வாசல்ல கூட்டம் நிக்கு. பெரிய டாக்டர் ஒருத்தரும் இல்ல. நானும் கூடப் படிக்கிற ரெண்டு பிள்ளையளும்தான்."

கதவை அறைகிற சத்தம் போனில் கேட்டது. ஒதுங்கி வந்துருட்டி என்ற சொல் கமர் நிஷாவின் தொண்டைவரை வந்தது.

"அவரு உசுரோட இருக்காரா?"

"இருக்காரு."

கமர் நிஷா கண்ணை மூடிக்கொண்டாள். "போன மட்டும் வைக்காத."

இஷ்ரத் தாழ்ப்பாளை விலக்கும் சத்தம் கேட்டது. கூச்சல் ஒரேயடியாக உள்ளே பாய்ந்தது. அதற்கு நடுவில் மகள் வங்காளத்தில் ஏதோ சொன்னாள். ஒருவன் கத்தினான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு செருப்புச் சத்தங்கள் பைய விலகிப் போயின.

"போயிட்டாங்க," என்றாள் இஷ்ரத். அதன் பிறகுதான் அழுதாள்.

அடுத்த வாரம் கல்கத்தா வழியாக வீடு வந்து சேர்ந்தாள். சோறு போடும்போது கமர் நிஷா கேட்டாள்.

"அவங்ககிட்ட என்னட்டி சொன்ன?"

"தையல் பாதியில நிக்கு, முடிச்சிக்கிடுதேன்னு சொன்னேன்."

"முடிஞ்ச பொறவு?"

"யாரும் கேட்டு வரல."

கல்லூரி திறந்ததும் அவள் திரும்பிப் போனாள். வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை.